சுற்றாத மூன்று சுற்று

சாட்சியின் பெயர்: பதினெட்டு வயது நிரம்பாததால் இங்கே எழுதப்படவில்லை. வயது: பதினாறு. படிப்பு: பதினொன்றாம் வகுப்பு. முகவரி: ராணுவ மருத்துவப் பயிற்சிப் பள்ளியின் பின்வாசலை ஒட்டிய ஊழியர் குடியிருப்பு, மாடி வீடு. உடனிருப்பவர்: சாட்சியின் தாயார், அதே பள்ளியின் ஒப்பனை அறையில் வேலை செய்பவர். விஷயம்: பயிற்சித் திடலில் இழுவை லாரி ஓட்டுநர் அடிபட்டு இறந்தது தொடர்பாக.

நான் மேற்கண்ட முகவரியில் என் அம்மாவுடனும் அக்காவுடனும் வசித்து வருகிறேன். அப்பா உயிருடன் இல்லை. அக்கா அந்தப் பள்ளியில் போர்க்கள முதலுதவி படிக்கும் சிப்பாய். என்னை யாரும் இங்கே அழைத்து வரவில்லை, யாரும் சொல்லிக் கொடுத்து அனுப்பவும் இல்லை. நானாகத்தான் வந்தேன். வயது குறைவு என்பதால் பெரியவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும் என்று அதிகாரி சொல்லி அம்மாவை வரவழைத்தார். நான் இங்கே வந்திருப்பது அக்காவுக்குத் தெரியாது.

முதலில் என் வேலையைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் சொல்வது புரியாது. விடுமுறை நாட்களில் நான் பயிற்சித் திடலில் அடிபட்டவளாக நடிப்பேன். அப்படி நடிப்பவர்களைப் பள்ளியில் காயக்காரர்கள் என்பார்கள். அம்மா மெழுகாலும் சாயத்தாலும் எங்கள் மேல் காயம் செய்வாள். கை கால் காயமாக இருந்தால் துணிக்குள் ஒரு மெல்லிய குழாயை ஓட்டி, அதன் முனையில் இருக்கும் ரப்பர் பந்தை எங்கள் உள்ளங்கையில் கொடுத்துவிடுவாள். பந்தை அமுக்கினால் காயத்திலிருந்து சாய ரத்தம் பீறிடும். முதலுதவி படிப்பவர்கள் ஓடி வந்து காயத்துக்கு மேலே ஒரு பட்டையைக் கட்டுவார்கள். அந்தப் பட்டையில் ஒரு குச்சி உண்டு. குச்சியை மூன்று சுற்றுச் சுற்றினால் பட்டை ரத்தக் குழாயை நெரித்து ரத்தத்தை நிறுத்தும். பிறகு குச்சி கழன்றுவிடாமல் ஒரு கொக்கியில் மாட்ட வேண்டும்.

ஆனால் உயிருள்ள ஆள்மேல் உண்மையாகச் சுற்றக் கூடாது என்பது பள்ளியின் விதி. முன்பு ஒரு காயக்காரருக்குத் தொடை கறுத்துப் போய்ப் புகார் வந்ததாம். அதனால் பட்டையைக் கட்டி, குச்சிக்கு மேலே கையை மூன்று முறை சுற்றிக் காட்டி, "மூணு சுத்து. இறுக்கியாச்சு" என்று சத்தமாகச் சொன்னால் போதும். பயிற்சி ஆசிரியர் மதிப்பெண் போட்டுவிடுவார். அந்தச் சொல்லைக் கேட்டதும் நாங்கள் பந்தை அமுக்குவதை நிறுத்திவிடுவோம், ரத்தம் நின்றுவிடும்.

உண்மையாகச் சுற்றிப் பழக ஒரு ரப்பர் பொம்மை உண்டு. அதற்கு மாணவர்கள் வைத்த பெயர் மாமனார். என்ன செய்தாலும் குறை சொல்வார், சரியாக நெரிக்கும்வரை ரத்தத்தை நிறுத்தமாட்டார் என்பதால் அந்தப் பெயர். மாமனாரின் தொடையில் இருக்கும் பம்பு பழுதாகி அவரைப் பெட்டியில் போட்டுச் சீர்செய்ய அனுப்பிவிட்டார்கள். அக்காவின் வகுப்பு வந்ததே அதற்குப் பிறகுதான். ஆக அவர்கள் பழகியது முழுவதும் எங்கள் மேல்தான். அக்கா வீட்டிலும் என் காலில்தான் பழகுவாள். நான் கட்டிலில் காலை நீட்டிப் பாடம் படித்துக்கொண்டிருப்பேன், அவள் கட்டி, சொல்லி, அவிழ்த்து, மறுபடியும் கட்டுவாள். வகுப்பிலேயே வேகமாகக் கட்டுபவள் அவள்தான்.

சம்பவம் நடந்த அன்று காலையில் பேருந்து விபத்துப் பயிற்சி நடப்பதாக இருந்தது. திடலில் ஒரு பழைய பேருந்துக் கூடு கிடக்கிறது. அதைப் பக்கவாட்டில் சாய்த்து வைப்பதற்காக வெளியிலிருந்து இழுவை லாரி வரவழைக்கப்பட்டது. அதன் ஓட்டுநரும் அவருடைய மனைவியின் தம்பியும் வந்திருந்தார்கள். அவர்கள் இருவரையும் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

எனக்கு அன்று இரண்டு காயம். இடது கையில் வெட்டு, வயிற்றில் குடல் சரிவு. அம்மா குடலைப் பசை போட்டு ஒட்டியிருந்ததால் நான் நேரத்தோடு வந்து படுத்திருந்தேன். எழுந்து நடந்தால் பிய்ந்துவிடும். ஓட்டுநர் கம்பிவடத்தை இழுத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போகும்போது நின்று குனிந்து பார்த்து, "பாப்பா, குடலை உள்ள வச்சுக்கோ, காக்கா தூக்கிட்டுப் போயிடும்" என்றார். நான் சிரித்ததில் பசை கொஞ்சம் விட்டுப்போனது. அவருடைய மைத்துனர் எங்கள் பக்கமே திரும்பாமல் லாரிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஓட்டுநர் அவரைக் காட்டி, "இவன் தக்காளி நறுக்கினாலே கண்ண மூடிக்குவான். இவனைப் போய் இங்க கூட்டிட்டு வந்தேன் பாரு" என்றார். மைத்துனர், "சாயம்னு தெரியுது மாமா, வயிறுதான் கேக்க மாட்டேங்குது" என்றார். இவ்வளவையும் நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ரத்தம் பார்க்க முடியாத ஆள் அவர்.

அதற்குப் பிறகு லாரி இழுத்தது. பேருந்துக் கூடு பாதி சாய்ந்த நிலையில் எங்கேயோ சிக்கி நின்றது. ஓட்டுநர் இறங்கி வந்து கம்பிவடத்தைக் காலால் எட்டி உதைத்துப் பார்த்தார். அப்போது வடம் அறுந்தது. அதன் முனையில் இருந்த இரும்புக் கொண்டி சுழன்று வந்து அவருடைய தொடையைக் கிழித்தது. அவர் கத்தவில்லை. உட்கார இடம் தேடுகிறவர் மாதிரி பின்னால் கையை வைத்துக்கொண்டே உட்கார்ந்தார். என்னிடமிருந்து ஒரு கட்டில் நீளம் தள்ளி.

பயிற்சி ஆசிரியர் ஒரே மூச்சாக விசிலை ஊதினார். அவருக்குப் பள்ளியில் விசில் சார் என்றே பெயர். விட்டு விட்டு ஊதினால் பயிற்சி தொடங்குகிறது, நிறுத்தாமல் ஊதினால் நடப்பது உண்மை என்று அர்த்தம். எனவே அங்கிருந்த எல்லோருக்கும் அது உண்மையான அடி என்று தெரியும். அக்காவுக்கும் தெரியும். அவள் பயிற்சி என்று நினைத்துவிட்டாள் என்று யாராவது சொன்னால் அது சரியல்ல. சுற்றிப் படுத்திருந்த காயக்காரர்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். கை போனவர், தலை பிளந்தவர் எல்லாரும் நின்று பார்த்தார்கள். நான் மட்டும் குடலால் எழுந்திருக்க முடியாமல் முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கினேன். அதனால்தான் மற்றவர்களுக்குத் தெரியாத உயரத்தில் எனக்குத் தெரிந்தது.

முதலில் ஓடி வந்தது அக்கா. மற்ற மாணவர்களுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அவள் மண்டியிட்டு, அவருடைய இடுப்புக்குக் கீழே, தொடையின் மேல்பக்கத்தில் பட்டையைக் கொடுத்து இழுத்தாள். இழுத்த இழுப்பிலேயே ரத்தம் பாய்வது கொஞ்சம் தணிந்தது. அவர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். அவள் அவர் முகத்தைப் பார்த்து, "என்னைப் பாருங்க, கீழ பாக்காதீங்க. மூணு சுத்து. இறுக்கியாச்சு" என்றாள். அவளுடைய வலது கை மூன்று முறை சுற்றியது. குச்சிக்கு மேலே, ஒரு விரல்கடை உயரத்தில், வெறும் காற்றில் சுற்றியது. அதற்குப் பிறகு குச்சியைக் கொக்கியில் மாட்டினாள்.

(இந்த இடத்தில் சாட்சியின் தாயார் எழுந்து வெளியே சென்றதால் பதிவு நிறுத்தப்பட்டது. அவர் திரும்பி வந்து அமர்ந்த பின் தொடர்கிறது.)

பார்த்தவுடன் ஏன் சொல்லவில்லை என்று அதிகாரி கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். நான் எப்போதும் பார்ப்பது அதைத்தான். என் காலில் நூறு தடவை அவள் கை அப்படித்தான் சுற்றியிருக்கிறது. அதனால் எனக்குத் தவறாகவே தெரியவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவள் இறுக்கியாச்சு என்று சொன்னதும் என் இடது கையில் இருந்த பந்தை நான் விட்டுவிட்டேன். அதுவரை பயத்தில் என்னையறியாமல் அமுக்கிக்கொண்டே இருந்திருக்கிறேன் என்பது என் சட்டைக்கை நனைந்திருந்ததைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. விசில் சாரும் அந்தச் சொல்லைக் கேட்டதும் "நல்லது, அடுத்தது" என்றார். பயிற்சியில் சொல்வது அது. சொன்ன பிறகு தன்னையே உலுக்கிக்கொண்ட மாதிரி ஜீப்பைக் கொண்டுவரச் சொல்லிக் கத்தினார்.

திடலில் ஓர் ஆம்புலன்ஸ் நிற்கிறது. அது காட்சிக்கு நிற்பது, அதில் இன்ஜின் இல்லை. ஒரு மாணவர் அதன் கதவைத் திறந்து ஸ்ட்ரெச்சரை ஏற்றவே போய்விட்டார். அதற்குப் பிறகு ஜீப் வந்தது. ஓட்டுநரைப் பின்னால் கிடத்தினார்கள். காயத்தின் மேல் பஞ்சும் துணியும் தடிமனாகக் கட்டியிருந்தது. பின்னால் அவரோடு மைத்துனர் மட்டும் உட்கார இடம் இருந்தது. விசில் சார் முன்னால் ஏறிக்கொண்டார். அக்காவுக்கு இடம் இல்லை. அவள் கீழேயே நின்றாள்.

ஜீப் கிளம்புவதற்கு முன் மைத்துனர், "சார், துணி இன்னும் நனையுது சார்" என்றார். விசில் சார் திரும்பிப் பார்த்து, "இறுக்கியாச்சு. பழைய ரத்தம் அது. துணிய அழுத்திப் பிடிங்க, பட்டையை மட்டும் தொட்றாதீங்க. தொட்டா உயிரு போயிடும்" என்றார். மைத்துனர், "தொட மாட்டேன் சார்" என்று சொல்லி, இரண்டு கையையும் தூக்கிக் காட்டிவிட்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, துணியை அழுத்திப் பிடித்தார். இதை நான் கண்ணால் பார்த்தேன், காதால் கேட்டேன்.

மருத்துவமனைக்குப் போகும் வழியில் ஓட்டுநர் இறந்துவிட்டார் என்று மதியம் செய்தி வந்தது. பட்டை தளர்ந்திருந்தது என்று மருத்துவர் சொன்னதாக மறுநாள் பேசிக்கொண்டார்கள். சுற்றினேன் என்று அக்கா சொல்லியிருந்தாள். சுற்றியதாகச் சொன்னதைக் கேட்டேன் என்று விசில் சார் சொல்லியிருந்தார். ஆகவே வலி பொறுக்காமல் ஓட்டுநர் கெஞ்சியிருப்பார், மைத்துனர் மனம் இளகிப் பட்டையைத் தளர்த்திவிட்டு, பயந்துபோய்க் குச்சியை மறுபடியும் கொக்கியில் மாட்டிவிட்டார் என்று முடிவு செய்து அவரைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அந்த முடிவு எனக்கும் முதலில் சரியாகத்தான் தோன்றியது.

அதற்குப் பிறகு இறந்தவரின் மனைவி பயிற்சிப் பள்ளி வாசலில் வந்து நின்றார். உள்ளே விடவில்லை. வெளியே வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார். நான் புத்தகப் பையோடு போனபோது என்னையும் நிறுத்தி, "அன்னைக்கு நீ இருந்தியாம்மா? என் தம்பி பட்டையைத் தொட்டதை யாராவது பாத்தீங்களா? பாத்திருந்தா பாத்தேன்னு சொல்லிடு, நான் அதோட நிறுத்திக்கிறேன்" என்றார். நான் கீழே படுத்திருந்தேன் என்று சொன்னேன். அது உண்மை. ஆனால் அது அவர் கேட்டதற்குப் பதில் இல்லை. அன்று என் பள்ளிக்கூடத்தில் எனக்குப் பாடம் எதுவும் ஏறவில்லை. பலகையில் எழுதுவதைப் பார்ப்பேன், உடனே அவர் தூக்கிக் காட்டிய இரண்டு கைகள் வரும், பிறகு அக்காவின் கை வரும். ஒரு கையை நினைத்தால் இன்னொரு கை தானாக வந்தது. உட்காரவே முடியாமல் கடைசிப் பீரியடில் தண்ணீர் குடிக்க அனுமதி கேட்டுக் கேட்டு எழுந்து போனதால் ஆசிரியை என்னைக் கதவோரம் நிற்கச் சொல்லிவிட்டார்.

சாயங்காலம் வீட்டில் அக்கா ஏற்கெனவே துவைத்துக் காய்ந்த சீருடையை மறுபடியும் வாளியில் முக்கிக்கொண்டிருந்தாள். அம்மா மெழுகுக் கட்டிகளை நிறம் பார்த்து அடுக்குவதும் கலைப்பதுமாக இருந்தாள். நான் கட்டிலில் உட்கார்ந்து காலை நீட்டி, "அக்கா, அன்னைக்குக் கட்டினியே, அதே மாதிரி கட்டு" என்றேன். அம்மா அதட்டினாள். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, யோசிக்காமல், பட்டையைக் கொடுத்து இழுத்து, "மூணு சுத்து. இறுக்கியாச்சு" என்றாள். குச்சி கொக்கிக்குப் போனது. நான் பட்டைக்கும் தொடைக்கும் நடுவில் இரண்டு விரலை நுழைத்துக் காட்டினேன். விரல் தாராளமாகப் போனது.

அக்கா என் விரலையே பார்த்தாள். "உன் காலுன்னு விட்டுட்டேன்" என்றாள். அதற்குப் பிறகு அவளே, "இல்ல, நான் ஒண்ணும் விடல" என்றாள். பிறகு குச்சியைக் கொக்கியிலிருந்து எடுத்து உண்மையாகவே சுற்றினாள். முதல் சுற்றிலேயே எனக்கு மூச்சு நின்றது. இரண்டாவது சுற்றில் நான் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலறிவிட்டேன், அம்மா மெழுகைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். மூன்றாவதைச் சுற்ற அக்காவின் கைக்குப் பலம் போதவில்லை, உடம்பைச் சாய்த்துத்தான் சுற்றினாள். சுற்றி முடித்து, வேர்த்த முகத்தோடு குனிந்து, என் பாதத்தில் விரல் வைத்து நாடி பார்த்தாள். நாடி இல்லை. அவள், "இவ்ளோ பலம் வேணுமா" என்று மட்டும் கேட்டாள். அன்று திடலில் அவள் இதைச் செய்திருந்தால் அவள் கைக்கு ஞாபகம் இருந்திருக்கும். அவள் உடனே அவிழ்த்துவிட்டாள். கன்றிய தடம் இருக்கிறது, அதிகாரியிடம் காட்டினேன்.

அவிழ்த்த பிறகு அக்கா, "நான் பொய் சொல்லலடி. சுத்தினதாவே என் மனசுல இருக்கு. இப்பவும் அப்படித்தான் இருக்கு" என்றாள். தெரியும் என்று சொன்னேன். அவள் சீருடையை ஈரத்தோடு மாட்டிக்கொண்டு நிலையத்துக்குப் போகிறேன் என்று இறங்கினாள், படிக்கட்டின் பாதியில் நின்று திரும்பி வந்தாள். மறுபடியும் இறங்கினாள், மறுபடியும் வந்தாள். மாணவர்கள் யாரும் வெளியே பேசக் கூடாது என்று பள்ளியில் உத்தரவு போட்டிருக்கிறார்கள் என்று அம்மா நினைவுபடுத்தினாள். அம்மா என்னிடம், "உங்கப்பா போனதுக்கப்புறம் இவளை ஒரு ஆளாக்குறதுக்குள்ள என் முதுகு ஒடிஞ்சுது. நீ ஒரு வாயால அதைக் கலைச்சுடாத. அந்த ஆளை ரெண்டு நாள் விசாரிச்சுட்டு அவங்களே விட்டுடுவாங்க" என்றாள். இன்று காலையிலும் அவரை விடவில்லை, அவருடைய அக்கா அதே வாசலில் நின்றார். நான் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் திரும்பி இங்கே வந்துவிட்டேன்.

என் அக்காவின் மேல் எனக்கு விரோதம் இல்லை. அவள் எனக்கு முதலில் அக்கா, பிறகுதான் சிப்பாய். இதனால் அவள் படிப்பும் வேலையும் போகலாம் என்று தெரிந்துதான் சொல்கிறேன். அவளை இங்கே அழைத்து விசாரித்தால், சுற்றினாயா என்று கேட்க வேண்டாம். கேட்டால் சுற்றினேன் என்றுதான் சொல்வாள், அதில் பொய் இருக்காது. ஒரு பட்டையைக் கொடுத்து யார் காலிலாவது கட்டிக் காட்டச் சொல்லுங்கள். அவளை மட்டும் அல்ல, அந்த வகுப்பில் இருக்கும் எல்லாரையும் கட்டிக் காட்டச் சொல்லுங்கள். விசில் சாரையும் சொல்லுங்கள்.

ஓட்டுநரின் மைத்துனர் பட்டையைத் தொடவில்லை. தொடாதே என்று சொன்னார்கள், அவர் தொடவில்லை.

இதுவரை எழுதியதை அதிகாரி எனக்குப் படித்துக் காட்டினார். அதில் "கவனக்குறைவாகக் கட்டியதை" என்று ஓர் இடத்தில் இருந்தது. நான் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை என்றேன். வழக்குக்கு அப்படி ஒரு சொல் வேண்டும் என்று அதிகாரி சொன்னார். அக்கா அன்றைக்கு இருந்த கவனத்தில் நான் யாரையும் பார்த்ததில்லை, கற்றுக்கொடுத்ததில் ஒன்றுகூடக் குறையாமல் செய்தாள், அதுதான் நடந்தது என்று சொன்னேன். அந்தச் சொல் அடிக்கப்பட்டது.

உடனிருந்த தாயாரிடம் கையொப்பம் கேட்டபோது அவர் பேனாவை வாங்கிக்கொண்டு, "என் பேச்சையும் எழுதணும்" என்றார். அவர் சொன்னது அவர் சொன்னபடியே: "ரத்தப் பந்து வேலையைக் காயக்காரங்களுக்குக் கத்துக்குடுத்தது நான்தான். இறுக்கியாச்சுன்னு காதுல விழுந்ததும் விட்டுடணும்னு நான்தான் சொன்னேன். இறுக்கியிருக்கான்னு பாருன்னு ஒருத்தருக்கும் சொல்லல, எனக்கும் தோணல. பெரியவளைக் கேக்கும்போது என்னையும் கேளுங்க. அந்தப் பையனை வீட்டுக்கு அனுப்புங்க, அவங்க அக்கா வாசல்ல நிக்குது."

மேலே உள்ளவற்றை நான் பிறர் தூண்டுதல் இல்லாமல், பார்த்தது பார்த்தபடியும் கேட்டது கேட்டபடியும் சொன்னேன். படித்துக் காட்டியதைக் கேட்டு, திருத்தம் சொல்லி, திருத்தியதை என் கண்ணால் பார்த்த பிறகு கையொப்பம் இடுகிறேன்.

(ஒப்பம்) சாட்சி

(ஒப்பம்) சாட்சியின் தாயார்

என்னால் எழுதப்பட்டது. தாயாரின் கூற்று தனி விசாரணைக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது.

(ஒப்பம்) பதிவு செய்த அதிகாரி